இருநூற்றுப் பதினெட்டு நாள்

செல்லக்கனிக்கு மஞ்சள் காமாலை வந்ததே கிடையாது. சின்ன வயதில் அம்மை வார்த்திருக்கிறது. சிக்குன்குனியா வந்து ஒரு மழைக்காலம் முழுக்கச் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறாள். ஆனால் வக்கீல் சௌந்தரபாண்டியன் மேஜைமேல் தள்ளிய பிரமாணப் பத்திரத்தின் மூன்றாவது பத்தியில், மனுதாரர் கடும் மஞ்சள் காமாலையால் பாதிக்கப்பட்டு, நாட்டு மருந்து உட்கொண்டு, ஏழு மாத காலம் படுத்த படுக்கையாக இருந்தபடியால் குறித்த காலத்தில் மேல்முறையீடு தாக்கல் செய்ய இயலவில்லை என்று தட்டச்சு செய்திருந்தது. அந்த மனுதாரர் அவள்தான்.

நின்றபடியே மூன்று தாளையும் படித்தாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கிற பேர்வழி இல்லை.

"என்னய்யா இது?"

"அபிடவிட்டும்மா. பென்சில்ல குறி போட்டிருக்கு பாருங்க, மூணு எடத்துல. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க, மத்தத நான் பாத்துக்கிடுறேன்."

"எனக்கு எப்பய்யா காமால வந்துச்சு?"

சௌந்தரபாண்டியன் பேனாவை மூடி வைத்தார். "எல்லாருக்கும் அதான் போடுறது. ஜட்ஜுக்கும் தெரியும், எதிர்க்கட்சிக்கும் தெரியும். அது ஒரு வழக்கம்."

"எனக்குத் தெரியாதே."

"இப்பத் தெரிஞ்சிருச்சுல்ல. போடுங்க."

அவள் போடவில்லை. இந்த வழக்கே ஒரு கையெழுத்தால் வந்ததுதான்.

கருங்காட்டுக்குளத்தில் அவள் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது ஒரு ஏக்கர் இருபது சென்ட் எலுமிச்சைத் தோட்டம், கிணற்றோடு. உயில் எதுவும் எழுதாமல் செத்துப் போனார். பிள்ளைகள் இரண்டே பேர். மூத்தவன் முத்துமாலை, இளையவள் செல்லக்கனி. அப்பாவின் முப்பதாம் நாள் கழிந்த வாரம், பட்டா மாற்ற வேண்டும், வாரிசுகள் கையெழுத்து வேண்டும் என்று அண்ணன் அவளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போனான். அண்ணன்தானே என்று காட்டின இடத்தில் எல்லாம் போட்டாள். எட்டு வருடம் கழித்துத் தன் பங்கைக் கேட்டபோது, "நீதான் எழுதிக் குடுத்துட்டியே" என்று, தன் பங்கை விட்டுக்கொடுத்ததாக அவள் கையெழுத்துப் போட்டிருந்த விடுதலைப் பத்திரத்தை எடுத்து நீட்டினான். பாகப்பிரிவினை கேட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டாள். நாலு வருடம் நடந்தது. பதிவான பத்திரம், போட்ட கையெழுத்து அவளுடையது, ஆகவே வழக்கு தள்ளுபடி என்று 2015 ஜூன் ஐந்தாம் தேதி தீர்ப்பானது.

அன்றைக்குக் கோர்ட்டு வாசலில் சௌந்தரபாண்டியன், "இது ஒண்ணுமே இல்லம்மா, சப் கோர்ட்டுல அப்பீல் போட்டு ஒடைச்சிருவோம்" என்றார். முப்பது நாளுக்குள் போட வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது என்ன, செய்ய வேண்டியதுதானே என்று அவளும் நம்பினாள்.

செல்லக்கனி ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல்காரி. பிள்ளைகள் சாப்பிட்டு, அண்டா குண்டா கழுவிக் கவிழ்த்து, இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தால் மூன்றரைக்கு வக்கீல் ஆபீஸ். ஏறக்குறைய மாதம் ஒரு தடவை போனாள். இரண்டாம் தடவையிலிருந்து போகும்போதெல்லாம் குமாஸ்தா இசக்கி, "அப்பீல் போட்டாச்சுக்கா, நம்பர் ஆகல" என்பான். வக்கீலின் விசிட்டிங் கார்டைத் திருப்பிப் பின்னால் தேதி போட்டு அதையே எழுதியும் கொடுப்பான்.

கோர்ட்டு அப்பீலை ஏற்றுப் பதிவு செய்து எண் கொடுப்பதுதான் நம்பர் ஆவது. அது ஆகவே இல்லை. பொங்கல் கழிந்த மூன்றாம் நாள், கூட வேலை செய்யும் ஆயா வந்து, "ஒங்க அண்ணன் தோட்டத்துல ஜேசிபி நிக்கி, பாத்தியா?" என்றாள். செல்லக்கனி போட்டது போட்டபடி ஓடினாள். பதினெட்டு எலுமிச்சை வேரோடு கிடந்தது. காய் இன்னும் பச்சையாகக் கிளையில் இருந்தது. முத்துமாலை வரப்பில் நின்று நூல் பிடித்துக் கல் ஊன்றச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கோர்ட்டுல கேசு இருக்கையில என்ன வேல செய்யுத அண்ணே?"

"கேசா? அதான் தள்ளுபடி ஆயிப் போச்சே."

"அப்பீலு போட்டிருக்கேன்."

"எந்தக் கோர்ட்டுல? நம்பரச் சொல்லு பாப்போம்." அவன் சிரித்தது அவள் முகத்தைப் பார்த்துக்கூட இல்லை, கல் ஊன்றுகிறவனைப் பார்த்து. "நானும் ஏழு மாசமா நோட்டீசு வருமான்னுதான் காத்துக்கெடக்கேன்."

மறுநாள் லீவு போட்டுவிட்டு சப் கோர்ட்டு அலுவலகத்துக்குத் தானே போனாள். எழுத்தர் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். இல்லை என்றார். இன்னொரு தரம் பாருங்க சார் என்றாள். பார்த்தார். தீர்ப்பு நகலுக்கே யாரும் மனுப் போடவில்லை, நகல் இல்லாமல் எப்படி அப்பீல் போட முடியும் என்று அவர்தான் அவளுக்கு எடுத்துச் சொன்னார். மூன்றாம் தரமும் பார்க்கச் சொன்னாள். அவருக்கு என்ன தோன்றியதோ, எரிந்து விழாமல் மறுபடியும் பார்த்தார்.

அன்றைக்கே நகலுக்கு மனுப் போட்டாள். அது கைக்கு வந்த பிறகு, வேறு வக்கீலைத் தெரியாததால் சௌந்தரபாண்டியனிடமே வந்தாள். வந்ததற்குத்தான் இந்தக் காமாலை.

"ஐயா, நான் நூத்தி எம்பது பிள்ளையளுக்குச் சோறு ஆக்குதேன். தெனமும் ரெஜிஸ்தர்ல கையெழுத்து இருக்கு. காமாலக்காரி ஏழு மாசமா ஆக்கிப் போட்டான்னு எவனாவது ஒருத்தன் கலெக்டருக்குப் பெட்டிசன் போட்டா, என் வேல என்னாவும்? பெத்தவளுவ என்னயச் சும்மா விடுவாளுவளா?"

"அதெல்லாம் யாரு பாக்கப் போறா?"

"எங்க அண்ணன் பாப்பான்."

சௌந்தரபாண்டியனுக்கு இப்போதுதான் கொஞ்சம் உறைத்தது. "சரி, காமாலை வேண்டாம். ஒங்க வீட்டுக்காரருக்கு ஆக்சிடென்ட்டுன்னு போடுவோமா?"

"உள்ளத எழுதுங்க."

"என்னன்னு?"

"நான் ஆறு தடவ வந்து கேட்டேன், நீங்க போட்டாச்சுன்னு பொய் சொன்னீங்கன்னு எழுதுங்க."

அறையில் இன்னும் இரண்டு கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சௌந்தரபாண்டியனின் குரல் தணிந்தது. "இந்தாம்மா, எனக்கு மாசம் நாப்பது கேசுக் கட்டு. இசக்கி தீர்ப்புக் காப்பிக்கு மனுப் போட்டிருப்பான்னு நான் நெனச்சேன், நான் சொல்லுவேன்னு அவன் இருந்திருக்கான். நடந்தது நடந்துபோச்சு. என்னை நானே குத்தவாளின்னு எழுதிக்கச் சொல்றீங்களா?"

"நான் நோயாளின்னு எழுதலாம், நீங்க குத்தவாளின்னு எழுதக்கூடாது. அப்படித்தான?"

கடைசித் தாளில், இருக்கும் தாமதத்தை மன்னித்தருளுமாறு மனுதாரர் தாழ்மையுடன் பிரார்த்திக்கிறார் என்று இருந்தது. எத்தனை நாள் என்பதற்குப் புள்ளி வைத்து இடம் விட்டிருந்தது. அந்த வரியில் விரலை வைத்தாள். "நான் எதுக்குய்யா மன்னிப்புக் கேக்கணும்?"

"அது சட்ட வார்த்தைம்மா."

"தப்புப் பண்ணினது நீங்க. மரத்தப் புடுங்கினது எங்க அண்ணன். மன்னிப்புக் கேக்குறது மட்டும் நானு. நல்ல சட்டம். என் கட்டக் குடுங்க."

கட்டைக் கொடுக்க அவர் ஒன்பது நாள் இழுத்தடித்தார். அந்த ஒன்பது நாளும் தாமதக் கணக்கில்தான் சேர்ந்தது.

ஜெராக்ஸ் கடை மாடியில் இருந்த வக்கீல் ரூபி மனோகரத்தைப் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை காட்டிவிட்டார். ஐம்பது வயதுக்காரி, நறுக்கென்று பேசுகிறவள். கட்டைப் பிரித்துப் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றினாள்.

"அக்கா, நேராச் சொல்லிருதேன். லேட்டா வர்ற அப்பீல்ல பாதிப் பேரு வக்கீல் மேலதான் பழியப் போடுதாங்க. உண்மையா இருந்தாலும் கோர்ட்டு அதப் பொய்யாத்தான் பாக்கும். காமாலைன்னா கேள்வி கேக்காம, ஏதோ தர்மத்துக்கு ஒரு தொகையக் கட்டச் சொல்லிட்டு விட்டுருவாங்க. உண்மையச் சொன்னா ஒங்களக் கூண்டுல ஏத்திக் குடைவாங்க."

"குடையட்டும்."

"தோத்தா என்னைய வையக்கூடாது."

"பொய்யச் சொல்லித் தோத்தாத்தான் வைவேன்."

ரூபி ஒரு வெள்ளைத் தாளை எடுத்து முன்னால் வைத்தாள். "ஆறு தடவ போனேன்னு சொல்லுதீங்க. அதுக்கு என்ன அத்தாட்சி?"

செல்லக்கனி சுருக்குப் பையிலிருந்து ஆறு விசிட்டிங் கார்டையும் எடுத்து மேஜையில் பரப்பினாள். ஜூன் 23, ஜூலை 14, ஆகஸ்ட் 18, செப்டம்பர் 22, நவம்பர் 17, டிசம்பர் 29. முதல் கார்டில் 'அப்பீல் தயாராகிறது'. மற்ற ஐந்திலும் 'போட்டாச்சு, நம்பர் ஆகலை'. எல்லாம் இசக்கியின் கோழிக் கிறுக்கல்.

"இதத் தூக்கிப் போடாம வச்சிருந்தீங்களே."

"ஒருக்க எழுதுனதப் பாக்காம ஏமாந்தவம்மா நானு. இப்ப எவன் எதக் கிறுக்கிக் குடுத்தாலும் எடுத்து வச்சிக்கிடுதேன்."

2016 பிப்ரவரி எட்டாம் தேதி, உள்ளதை உள்ளபடி எழுதிய மனுவும் அப்பீலும் சப் கோர்ட்டில் தாக்கலாயின. தாமதம் இருநூற்றுப் பதினெட்டு நாள். செல்லக்கனி வரிக்கு வரி படித்த பிறகே கையெழுத்துப் போட்டாள். 'மன்னித்தருளுமாறு' என்பதை மட்டும் ரூபியால் மாற்ற முடியவில்லை.

அந்த வாரமே இசக்கி பள்ளிக்கூடச் சமையல்கட்டின் பின்வாசலில் வந்து நின்றான்.

"அக்கா, அந்தக் கார்டக் கோர்ட்டுல குடுக்காதீங்க."

"நீ எழுதுனியா, இல்லியா?"

"அவரு எழுதிக் குடுத்து அனுப்புன்னாரு, எழுதினேன்."

"அத வந்து கோர்ட்டுல சொல்லு."

"என் பொழப்பு அவரு கையில இருக்குக்கா."

"என் பொழப்பு ஒன் கையில இருந்துச்சேடா, ஏழு மாசம். ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலியா ஒனக்கு?" கையில் கரண்டி இருந்தது. அதைத் தொட்டியில் வீசிவிட்டு உள்ளே போனாள். இசக்கி கோர்ட்டுக்கு வரவே இல்லை. ரூபி சம்மன் அனுப்பியபோது, ஊரில் இல்லை என்று திரும்பி வந்தது.

முத்துமாலைக்கு அனுப்பிய நோட்டீசும் கதவு பூட்டியிருக்கிறது என்று மூன்று தரம் திரும்பியது. அந்த மூன்று நாளும் அவன் டீக்கடை பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டு இருந்ததை ஊரே பார்த்தது. பிறகு ஒரு வழியாக வக்கீல் வைத்தான். பதில் மனுப் போட ஒன்பது வாய்தா. நடுவில் நீதிபதி மாற்றலாகிப் போனார், புது நீதிபதி வர ஐந்து மாதம். ஒரு நாள் வக்கீல்கள் புறக்கணிப்பு, ஒரு நாள் கட்டைக் காணவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் செல்லக்கனி அரை நாள் லீவு போட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து, தேதியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அதற்குள் தோட்டம் மனையாகிக்கொண்டிருந்தது. தடை உத்தரவு வாங்குங்கள் என்று ரூபியிடம் கேட்டபோது, அப்பீலுக்கு நம்பர் ஆகாமல் தடை கேட்க முடியாது என்றாள். தாமதத்தை மன்னித்தால்தான் நம்பர் ஆகும். கிணற்றை மண் போட்டு மூடினார்கள். ரோட்டோர மனை மூன்று விற்றுப் போனது. ஒன்றில் மாடி வீடு எழும்பியது.

அவள் புருஷன் தவசி, எலுமிச்சை மண்டிக்கு மினி லாரி ஓட்டுகிறவன், சண்டை சச்சரவுக்கு ஆகாத மனுஷன். "விட்டுத் தொலை கனி. போனது போச்சு. ஒனக்கு ரத்தக் கொதிப்பு வந்ததுதான் மிச்சம்" என்றான்.

"எனக்கு வந்தது ரத்தக் கொதிப்புன்னா அது ஒண்ணாவது நெசம். எழுதட்டும்" என்றாள்.

2017 செப்டம்பரில் அவளைக் கூண்டில் ஏற்றினார்கள்.

அன்று காலை அவள் மனுவுக்கு முன்னால் ஒரு அரசுத் துறையின் மனு வந்தது. அதுவும் தாமத மனுதான். ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு நாள். கோப்பு ஒரு மேஜையிலிருந்து இன்னொரு மேஜைக்குக் கையொப்பத்துக்காகச் சுற்றி வந்ததில் நிர்வாகக் காரணங்களால் காலதாமதம் ஏற்பட்டுவிட்டது என்று அரசு வக்கீல் சொன்னார். எதிர்த்தரப்பில் ஒரு கிழவர், வேட்டி மடிப்பைப் பிடித்தபடி நின்றார். யாரையும் கூண்டில் ஏற்றவில்லை. நீதிபதி எழுதிக்கொண்டே, "அனுமதிக்கப்படுகிறது" என்றார். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. கிழவர் தன் வக்கீலைப் பார்த்தார், வக்கீல் தலையை அசைத்து வெளியே போகச் சொன்னார்.

அடுத்து செல்லக்கனி. முத்துமாலையின் வக்கீல் கோமதிநாயகம் எழுந்தார். நரைத்த தலை, அவசரமே இல்லாத குரல்.

"எழுதப் படிக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"தீர்ப்புச் சொன்ன அன்னைக்கே ஒங்க வழக்கு தள்ளுபடின்னு தெரியும்?"

"தெரியும்."

"அப்புறம் எட்டு மாசம் சும்மா இருந்துட்டீங்க."

"சும்மா இல்ல. ஆறு தடவ வக்கீல் ஆபீசுக்குப் போனேன். கார்டு குடுத்திருக்கேன்."

"இந்தக் கார்டுல இருக்கறது யாரு கையெழுத்துன்னு நிரூபிக்க யாரும் வரல. நீங்களே எழுதிக்கிட்டிருக்கலாம்."

"என் எழுத்து இதவிட நல்லாருக்கும்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். கோமதிநாயகம் சிரிக்கவில்லை. "ஆறு நாள் போனீங்கன்னே வச்சிக்கிடுவோம். தாமதம் இருநூத்திப் பதினெட்டு நாள். ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் சொல்லணும்கறது சட்டம். சொல்ல முடியுமா ஒங்களால?"

"முடியும்."

அவர் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை.

"ஜூலை அஞ்சாந்தேதி ஞாயித்துக்கிழம. வீட்டுல இருந்தேன். ஆறாந்தேதி திங்க, காய்கறிப் பிரியாணியும் மொளகு முட்டையும். ஏழு, கொண்டக்கடலப் புலாவு. எட்டு, தக்காளிச் சோறு. ஒம்பது, சாம்பார்ச் சோறு, அன்னைக்குப் பருப்பு வேகல, பன்னெண்டரைக்கு வரவேண்டிய சோறு ஒண்ணே காலுக்குத்தான் வந்துச்சு. பத்து, கருவேப்பிலைச் சோறு..."

"அம்மா, நான் சமையல் கேக்கல."

"ஒவ்வொரு நாளும் கேட்டியளே. என் ஒவ்வொரு நாளும் அதான். ஏழு மணிக்கு அடுப்புப் பத்த வச்சி ரெண்டு மணிக்கு அண்டாவக் கவுத்துவேன். ரெஜிஸ்தரு இருக்கு, வேணும்னா எடுத்துப் பாருங்க. சட்டம் படிச்ச ஒருத்தரு அப்பீல் போட்டாச்சுன்னு சொல்லியிருக்கையில, அதுக்கும் மேல தெனமும் நான் என்ன செய்யணும்னு நீங்க சொல்லுங்க."

நீதிபதி நிமிர்ந்தார். "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கம்மா."

செல்லக்கனி நீதிபதி பக்கம் திரும்பினாள். "சொல்லுதேன் ஐயா. இப்ப எனக்கு முன்னால ஒரு கட்டு வந்துச்சே, ஆயிரத்தி நானூறு நாளு. அவியகிட்ட ஒவ்வொரு நாளும் என்ன பண்ணினியன்னு யாரும் கேக்கலியே. ஆபீசு மறந்தா நிர்வாகக் காரணம், ஏழைக்கு வக்கீல் மறந்தா அசட்டையா?"

ரூபி தலையைக் குனிந்துகொண்டாள். நீதிபதி தன் தாளில் ஒரு வரி எழுதிவிட்டு, "குறுக்கு விசாரணை முடிஞ்சுதா?" என்று கோமதிநாயகத்தைக் கேட்டார். முடிந்தது என்றார் அவர்.

நவம்பரில் உத்தரவு வந்தது. மனு தள்ளுபடி. தாமதத்துக்குத் திருப்திகரமான காரணம் காட்டப்படவில்லை. வக்கீல் மீது பழி சுமத்துவது எளிது, அந்த வக்கீல் மீது மனுதாரர் எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை. காலம் கடந்ததால் எதிர்த்தரப்புக்கு மதிப்புமிக்க உரிமை ஏற்பட்டுவிட்டது. ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம் இல்லை.

ரூபியின் ஆபீசில் உட்கார்ந்து செல்லக்கனி அதைப் படித்தாள். 'மதிப்புமிக்க உரிமை' என்ற இடத்தில் நிறுத்தினாள். "என் பங்கு எனக்கு உரிமை இல்ல. நான் லேட்டா வந்தது அவனுக்கு உரிமை. அப்படித்தானம்மா?"

"அப்படித்தான் எழுதியிருக்காங்க."

"காமாலன்னு சொல்லியிருந்தா விட்டிருப்பாங்கல்ல?"

ரூபி பொய் சொல்லவில்லை. "அநேகமா."

செல்லக்கனி எழுந்து, தண்ணீர்ச் செம்பை எடுத்து மடமடவென்று குடித்தாள். செம்பை வைத்த வேகத்தில் பக்கத்து அறை டைப்பிஸ்ட் எட்டிப் பார்த்தாள். "மதுரைக்குப் போவோம்" என்றாள்.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில், ரூபியோடு படித்த வக்கீல் ஒருவர் சீராய்வு மனு போட்டார். அது பட்டியலில் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, 2019 மார்ச் இருபத்தொன்றாம் தேதி எடுத்துக்கொள்ளப்பட்டது. செல்லக்கனியும் ரூபியும் விடியுமுன்னே கிளம்பிப் போனார்கள். எல்லாம் இங்கிலீசில் நடந்தது. நீதிபதி ஆறு கார்டின் நகலையும் திருப்பித் திருப்பிப் பார்த்ததும், முத்துமாலை தரப்பில் வந்த வக்கீலிடம் இரண்டு முறை ஏதோ கேட்டதும், அந்த வக்கீல் இரண்டு முறையும் கட்டுக்குள் தேடியதும் மட்டும் அவளுக்குப் புரிந்தது. பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

வராந்தாவில் ரூபி அவள் கையைப் பிடித்தாள். "ஜெயிச்சாச்சுக்கா. வக்கீல் செஞ்ச தப்புக்குக் கட்சிக்காரரத் தண்டிக்கக் கூடாதாம். ஆறு தடவ போயிக் கேட்டவள அசட்டையானவன்னு எப்படிச் சொல்ல முடியும்னு கேட்டாரு. தாமதம்னா எத்தன நாளுன்னு பாக்கக் கூடாது, ஏன்னு பாக்கணும்னு சொல்லிட்டாரு. நம்பர் ஆயிரும்."

சந்தோஷப்படுவாள் என்று ரூபி நினைத்தாள். செல்லக்கனி கையை விடுவித்துக்கொண்டாள்.

"இதத்தானம்மா நான் மூணு வருசமாச் சொல்லுதேன்."

திரும்பி வருகிற பஸ்ஸில், திருமங்கலம் தாண்டியதும் பையிலிருந்து பேனாவை எடுத்து, மனு நகலின் பின்பக்கத்தில் வருடம் வருடமாகக் கூட்டினாள். இரண்டு முறை சரிபார்த்தாள். மனுப் போட்ட நாளிலிருந்து அன்று வரை ஆயிரத்து நூற்று முப்பத்தேழு நாள். இருநூற்றுப் பதினெட்டு நாளை மன்னிக்கலாமா கூடாதா என்று முடிவு பண்ண ஆன நாள் அது.

"இத யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்?" என்று ரூபியிடம் தாளை நீட்டினாள். ரூபி வாங்கிப் பார்த்து, தாளை மடித்துக் கேசுக் கட்டுக்குள் வைத்தாள்.

ஜூன் மாதம் அப்பீலுக்கு நம்பர் ஆனது. முதல் வாய்தாவுக்கு, கூப்பிடாமலே தவசியும் கூட வந்தான். சப் கோர்ட்டில் வேறு நீதிபதி, இளவயதுப் பெண். கோமதிநாயகம் எழுந்து, தன் கட்சிக்காரர் புதிதாக வக்காலத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது, ஒரு மாத அவகாசம் வேண்டும் என்றார். நீதிபதி பேனாவை எடுத்தார்.

பின்வரிசையில் செல்லக்கனி எழுந்து நின்றாள். தவசி சேலையைப் பிடித்து இழுத்தான். தட்டிவிட்டாள்.

"ஐயா... அம்மா. நான்தான் அப்பீல் போட்டவ. இந்த ஒரு மாசத்துக்கு அவிய காரணம் எதுவும் எழுதித் தர வேண்டாமா?"

டவாலி உட்காரச் சொல்லிக் கை காட்டினான். நீதிபதி அவனை நிறுத்தினார். ரூபி உடனே எழுந்து, நம்பர் ஆகாத மூன்று வருடத்தில் மூன்று மனை விற்கப்பட்டதையும், கிணறு மூடப்பட்டதையும், இன்னும் எழுபத்தைந்து சென்ட் மிச்சம் இருப்பதையும் சொல்லி, இடைக்காலத் தடை மனுவைக் கொடுத்தாள். கோமதிநாயகம் ஆட்சேபித்தார். நீதிபதி மனுவோடு இணைத்திருந்த தோட்டத்துப் படங்களைப் பார்த்தார், தேதிகளைப் பார்த்தார். மிச்ச நிலத்தை விற்கவோ கட்டவோ கூடாது என்று தடை போட்டு, ஒரு மாதத்தைப் பத்து நாளாகக் குறைத்தார்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் முத்துமாலை நின்றான். மூன்று வருடத்தில் அவனும் மெலிந்து போயிருந்தான். வெற்றிலை போடுகிற பழக்கம் புதிதாக வந்திருந்தது.

"ஏளா, எழுவத்தஞ்சு சென்டு. அதுல ரெண்டு பேரும் எத்தன நாளு உக்காந்து அனுபவிக்கப் போறோம்? ஒரு மனையத் தாறேன், வாங்கிக்க. கோவத்த விடு."

தவசி அவளைப் பார்த்தான். அவன் முகத்தில், ஒத்துக்கொள்ளேன் என்ற கெஞ்சல் கொஞ்சம் இருந்தது.

"என் பங்கத் தாறேன்னு சொல்லல நீ. ஒரு மனையத் தாறேன்னு சொல்லுத. அதுவும் தடை விழுந்த பெறகு" என்றாள் செல்லக்கனி. "கோவத்த நான் விடல. நீ போயி ஒன் வக்கீலப் பாரு, பத்து நாளுதான் இருக்கு."

பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தாள். தவசி பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தான். பள்ளிக்கூடத்தில் அன்று கருவேப்பிலைச் சோறு. ஆயா ஒருத்தியால் தனியாக அண்டாவைக் கழுவிக் கவிழ்க்க முடியாது, இரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும்.

"பத்து நாள் கழிச்சு என்ன கெழம?" என்று தவசி கேட்டான்.

"எதுக்கு?"

"அன்னைக்கு லாரிக்கு வரலன்னு மண்டியில சொல்லணும்ல."

அவள் நடையை நிறுத்தாமல் கிழமையைச் சொன்னாள்.